கேக் பெட்டி ரிபன்

நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்லும் ஒருவர்மேல் கோபப்படுவது லேசான வேலை இல்லை. கெட்டவனைத் திட்டினால் கூடச் சேர்ந்து திட்ட நாலு பேர் வருவார்கள். இவரைத் திட்டினால் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். "அவரையா? அந்த மனுசனையா?" என்பார்கள். ஓம், அந்த மனுசனைத்தான். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் என்னோடு சண்டைக்கு வர ஆட்கள் இருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனையில், கோயில் மணி கேட்கிற தூரத்தில் இருந்தது அந்த லோன்ட்ரி. கடற்கரைப் பக்கத்து ஹோட்டல்களின் பெட்ஷீட்டும் துவாயும் லொறியில் வந்து இறங்கும். கழுவி, அயன் பண்ணி, மடித்துப் பின்னேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். கீழ்த்தளத்தில் நாங்கள், பெரும்பாலும் பெண்கள். மாடியில் ஒஃபிஸ், அதில் மெனேஜர். எங்களுக்கும் மாடிக்கும் நடுவில் அவர், எங்கள் சுப்பர்வைசர்.

வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் அவரை "சேர்" என்றேன். காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயோ தங்கச்சி, சேர் மாடியில இருக்கிறார். நான் அண்ணா." அன்றைக்கே என் பிறந்தநாளைக் கேட்டு வைத்துக்கொண்டார். எல்லாருடைய பிறந்தநாளும் அவருக்கு மனப்பாடம். அந்தந்த நாளில் ஒரு சின்னக் கேக் வரும், பெட்டியைச் சுற்றிச் சிவப்பு ரிபன் கட்டியிருக்கும். ரிபனை வெட்டமாட்டார். பொறுமையாக முடிச்சை அவிழ்த்து, விரலில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார். மகளுக்குத் தலையில் கட்டவாம்.

அவர் ஒருநாளும் சத்தம்போட்டு நாங்கள் கேட்டதில்லை. கொழும்பில் ஃப்ளோரில் வேலை செய்த எவளையாவது கேளுங்கள், சத்தம்போடாத சுப்பர்வைசர் என்றால் என்ன என்று சொல்லுவாள். நான் முன்பு வேலைசெய்த இடத்தில் ஒருவன் இருந்தான். கக்கூசுக்குப் போனால் வாசலில் நின்று கத்துவான். அங்கிருந்து வந்த எனக்கு இவர் சாமியாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஒருமுறை கம்பனி அவரைத் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பியது. கோர்ஸ் முடிந்து, கழுத்தில் தொங்கிய பெயரட்டையைக்கூடக் கழற்றாமல் வந்தார். அதன்பிறகு யாரையாவது திருத்த வேண்டுமென்றால் தனியாகக் கூப்பிடுவார். முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, முடிவில் இன்னொரு பாராட்டு. "தங்கச்சி, நீங்க மடிக்கிற மடிப்பைப் பாத்தா எனக்கே பெருமையா இருக்கு. ஆனா காலையில கொஞ்சம் பிந்துது போல. பரவாயில்ல, உங்களால ஏலும் எண்டு எனக்குத் தெரியும்." நாங்கள் இதற்குச் சாண்ட்விச் என்று பெயர் வைத்திருந்தோம். "இண்டைக்கு சாண்ட்விச் ஆருக்கு?" என்று பகிடி பண்ணிக்கொள்வோம். பகிடி பண்ணினாலும் அடுத்தநாள் நேரத்துக்கு வந்துவிடுவோம். அவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே வருவோம்.

இதெல்லாம் நடிப்பு என்றால் என் கோபம் எப்போதோ ஆறியிருக்கும். நடிப்பு இல்லை. பெற்றோலுக்கு இரவுபகலாக வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் என் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. ஓட்டோ ஒன்றும் வரமாட்டேன் என்றது. மகளின் டியூஷனுக்கென்று வைத்திருந்த கடைசிப் பெற்றோலில், மோட்டார் சைக்கிளில் நடுவில் அம்மாவை இருத்தி, பின்னால் நான் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அதை மறந்தால் நான் மனிசி இல்லை. அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

அவருடைய வாயில் எந்நேரமும் இரண்டு வசனங்கள் இருக்கும். ஒன்று, "நான் மேல கதைக்கிறன்." எங்களுக்கு எது தேவையென்றாலும் அவரிடம் சொல்வோம். காற்றாடி, கையுறை, குடிக்கிற தண்ணீர், மழைநாளில் கொஞ்சம் முந்திப் போக அனுமதி. உடனே கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பார், கழுத்துப் பொத்தானைப் பூட்டுவார், படியேறுவார். மாடியில் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் இறங்கி வரும்போது கையைப் பார்ப்போம். கையில் பிஸ்கட் பெட்டி இருந்தால் கேட்டது கிடைக்கவில்லை என்று அர்த்தம். அவரே காசு கொடுத்துப் பக்கத்துக் கடையில் வாங்கி வருகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. மாடியில் இல்லை என்று சொல்லிவிட்டால் பின்படியால் இறங்கிக் கடைக்குப் போய், பெட்டியோடு முன்படியால் வருவார். மெனேஜர் தந்ததாகச் சொல்லுவார். எத்தனை பெட்டி தின்றிருப்போம்! வாய் இனித்தது, காற்றாடி வரவில்லை.

மற்ற வசனம், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுவம்." மெனேஜர் சிங்களத்தில் "கொஹொம ஹரி கரன்ன" என்பார். எப்படியாவது செய்து முடியுங்கள் என்று அர்த்தம். அந்தச் சொல் படியிறங்கி இவருடைய வாய் வழியாக வரும்போது இப்படிப் பதமாகிவிடும். எங்களோடு கதைப்பதற்கு அவருக்கு எல்லாம் தெரியும். மாடியில் நின்று "ஏலாது" என்று ஒரு சொல் சொல்லத் தெரியாது. எந்தக் கோர்ஸிலும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்கள் தளத்தில் ஒரு பெரிய மெஷின் இருந்தது. ஈரப் பெட்ஷீட்டை முன்னால் நின்று இரண்டு பேர் விரித்து விடுவார்கள். சூடான உருளைகள் அதை இழுத்துக்கொள்ளும், பின்பக்கத்தால் காய்ந்து மொறுமொறுப்பாக வரும். உருளைக்கு முன்னால் ஒரு கம்பி, அதுதான் கார்ட். கை தவறி அந்தப் பக்கம் போனால் முதலில் கம்பியில் முட்டும், மெஷின் நின்றுவிடும். கையைக் காப்பாற்ற அதைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

வெள்ளைக்காரர்கள் திரும்பவும் வரத் தொடங்கி, ஹோட்டல்கள் நிரம்பிய நேரம் அந்தக் கம்பியின் ஸ்பிரிங் தேய்ந்துபோனது. யாரும் தொடாமலே கம்பி தானாக விழும், மெஷின் நிற்கும். உள்ளே நின்றுபோன ஷீட்டில் பழுப்புத் தழும்பு விழும். புது ஸ்பிரிங் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், டொலர் இல்லை என்றார்கள். மெஷினை நிறுத்திவைத்து வேலையில் கொஞ்சத்தை வேறு லோன்ட்ரிக்குக் கொடுக்கலாமே என்று நாங்கள் கேட்டோம். மேலே கதைக்கப் போனார். பிஸ்கட்டோடு வந்தார்.

அன்றைக்குச் செல்வராணியின் பிறந்தநாள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, முகத்துவாரத்தில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவள். என்னோடு மெஷினுக்கு முன்னால் நிற்கிறவள் அவள்தான். கேக் வெட்டி, பாட்டுப் பாடி, அவள் வெட்கப்பட்டுச் சிரித்து முடிந்தது. மெஷினைப் போட்டோம், உடனே நின்றது. திரும்பப் போட்டோம், திரும்ப நின்றது. மாடியிலிருந்து மெனேஜர் எட்டிப் பார்த்தார். எங்கள் சுப்பர்வைசர் தன் சட்டைப்பையில் கையை விட்டார். அந்தச் சிவப்பு ரிபனை எடுத்துக் கம்பியைப் பின்னுக்கு இழுத்துக் கட்டினார். அழகாக, பூ முடிச்சாகக் கட்டினார்.

"என்ன அண்ணா இது? கை போனா என்ன செய்றது?" என்றேன் நான்.

"ரெண்டு நாளைக்குத் தங்கச்சி. ஸ்பிரிங் வந்துடும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுவம். கவனமா செய்யுங்கோ, நான் பக்கத்திலேயே நிக்கிறன்."

நின்றார். அதையும் சொல்லத்தான் வேண்டும். கொஞ்ச நாள் பக்கத்திலேயே நின்றார், பிறகு வேறு வேலை வந்துவிட்டது. ஸ்பிரிங் வரவில்லை. ரிபன் சூட்டில் கறுத்துச் சுருங்கிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. எங்களுக்கும் கண் பழகிவிட்டது.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, ஷீட்டின் விளிம்பு செல்வராணியின் விரல்களில் சுற்றிக்கொண்டது. உருளை ஷீட்டை இழுத்தது, கையையும் சேர்த்து இழுத்தது. நான் பாய்ந்து சிவப்பு சுவிட்சை அடித்தேன். அவள் கத்தவில்லை. "அக்கா, அக்கா" என்று மெல்லச் சொன்னாள், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனம் இல்லை.

நான் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது தளம் கழுவியிருந்தது. அவர் மெஷினுக்கு முன்னால் குந்தியிருந்து, பிளேடால் ரிபனைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே சுரண்டினார். யாரும் பார்க்குமுன் எடுத்துவிடும்படி மாடியில் சொல்லியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். மனைவியிடம் சொல்லிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோவார், கரண்டியால் தானே பருக்கிவிடுவார். பக்கத்துக் கட்டில் ஆட்கள் கூடப்பிறந்த அண்ணன் என்றுதான் நினைத்தார்களாம். அவளுடைய வலதுகையில் மூன்று விரல்கள் மடங்காமல் போயின.

விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார், அவருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் நேரே சொன்னேன். கம்பி கட்டியிருந்தது, சுப்பர்வைசர்தான் கட்டினார் என்றேன். அதிகாரி செல்வராணியைக் கூப்பிட்டார். அவளுக்குச் சிங்களம் அவ்வளவு வராது. மொழிபெயர்க்க யாரை நிறுத்தினார்கள் தெரியுமா? ரிபன் கட்டிய அவரையேதான். அவரை விட்டால் நன்றாகச் சிங்களம் தெரிந்தவர்கள் கீழே யாரும் இல்லையாம்.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள். "நாந்தாங்க கட்டுனேன். மெஷின் நின்னுக்கிட்டே இருந்துச்சு, அதனால நானே கட்டிட்டேன். அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அவர் ஒரு சொல்லும் பிசகாமல் சிங்களத்தில் சொன்னார். குரல் மட்டும் கொஞ்சம் உடைந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார். நான் அவள்மேல் பாய்ந்தேன். "உனக்கென்ன விசரா? உன்ட கை அது!" என்று கத்தினேன். "வேணாங்க்கா, அவரு நல்ல மனுசன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் பிழை என்று அவளே சொன்னபிறகு நட்டஈடு என்ற பேச்சுக்கு இடமில்லை. கம்பனி இரக்கப்பட்டுக் கொடுத்தது ஏதோ கொடுத்தது. துவாய் எண்ணுகிற மேசையில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். பிறகு புது மெனேஜர் வந்து, ஒரு கையால் எண்ணுகிறவள் எதற்கு என்றார்.

எங்கள் சுப்பர்வைசர் கைக்குட்டையை எடுத்தார், முகத்தைத் துடைத்தார், பொத்தானைப் பூட்டினார், மேலே போனார். இறங்கி வரும்போது நாங்கள் எல்லாரும் கையைத்தான் பார்த்தோம். பெட்டி இருந்தது. அதைச் செல்வராணியிடம் கொடுத்தார். அவள் இடக்கையால் வாங்கி, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த மாதச் சம்பளத்தோடு நானும் நின்றுவிட்டேன்.

இப்போது நான் ஒரு ஆஸ்பத்திரி லோன்ட்ரியில் இருக்கிறேன். என்னையும் சுப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். என்னிடம் வேலை செய்கிற பிள்ளைகள் எனக்கு முசுடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும். யாருடைய பிறந்தநாளும் எனக்குத் தெரியாது. கம்பி விழுந்தால் மெஷினை நிறுத்திவிட்டுக் கதிரையில் உட்காருவேன். மேலேயிருந்து யார் வந்தாலும் எழும்பமாட்டேன்.

போன மாதம் என்னையும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வெள்ளவத்தையில், கடல் தெரிகிற ஒரு மண்டபம். வளர்ந்துவரும் சுப்பர்வைசர்களின் தலைமைத்துவத் திறன் என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மத்தியானம் சிறப்புப் பேச்சாளர் என்று ஒருவரை அழைத்தார்கள். மைக்கைப் பிடித்தபடி ஏறியவர் அவர்தான். தலைக்கு மை பூசியிருந்தார், வேறு மாற்றம் இல்லை. அதே சிரிப்பு.

"என்ட ஃப்ளோரில ஒரு தங்கச்சிக்கு அக்சிடன்ட் ஒண்டு நடந்தது" என்று தொடங்கினார். உண்மையைச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கஞ்சியைப் பற்றிச் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்ததைச் சொன்னார். "லீடர் எண்டா பக்கத்தில நிக்கிறவன்" என்றார். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். பிறகு கேட்டார், "இந்த இடத்தில ஒரு லீடர் வேற என்ன செய்திருக்கலாம்? ஆராவது சொல்லுங்கோ பாப்பம்."

குடும்பத்தைப் போய்ப் பார்த்திருக்கலாம் என்றார் ஒருவர். எல்லாரும் சேர்ந்து உதவியிருக்கலாம் என்றார் இன்னொருவர். நான் எழும்பினேன்.

"ரிபனை அவிழ்த்திருக்கலாம்" என்றேன்.

என்ன ரிபன் என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். அவளுக்குச் சொல்வதுபோல மண்டபம் முழுவதற்கும் சொன்னேன். "மெஷின்ட கார்ட் கம்பியை இவர் கேக் பெட்டி ரிபனால கட்டினவர். அதாலதான் அந்தப் பிள்ளைட கை போனது. பழியையும் அந்தப் பிள்ளைதான் எடுத்தது."

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஒரு கணம் வாய் திறந்தபடி நின்றார். அந்த ஒரு கணத்துக்காக நான் அவரை மன்னிக்கக்கூடத் தயாராக இருந்தேன். பிறகு சிரிப்புத் திரும்பி வந்தது.

"முதல்ல, மனம் திறந்து கதைச்சதுக்கு நன்றி தங்கச்சி. அது எல்லாருக்கும் கஷ்டமான காலம், ஆளுக்கு ஒவ்வொரு மாதிரித்தான் ஞாபகம் இருக்கும். ஆனா உங்கட இந்தத் துணிச்சல் இருக்கே, அதுதான் ஒரு லீடருக்கு வேணும்."

சாண்ட்விச்! எனக்கே சாண்ட்விச்! மண்டபம் கைதட்டியது. எனக்கும் சேர்த்துத்தான் தட்டினார்கள், பாவிகள்.

தேநீர் இடைவேளையில் என்னைத் தேடி வந்தார். கையில் பிளேன்ரீ, தட்டில் பிஸ்கட். "அம்மாக்கு இப்ப மூச்சு முட்டுறது குறைவா தங்கச்சி?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். நான் தட்டைத் தொடவில்லை.

"எப்ப சொல்லப் போறீங்க?" என்றேன்.

தட்டை மேசையில் வைத்தார். "பாப்பம் தங்கச்சி. நேரம் பாத்துக் கதைக்கிறன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு முகத்துவாரத்துக்கு பஸ் ஏறினேன். செல்வராணி இப்போது அங்கே வேலைக்குப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு குழந்தையைத் தோளில் போட்டு இடக்கையால் தட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"சொகமா இருக்காராக்கா? ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் போன் எடுத்துருவாரு. ஒரு வருசமும் மறந்ததில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றையும் பதமாக்காமல் சொன்னேன். மேடையில் ஏறி அவளுடைய கதையைச் சொன்னதை, கஞ்சியைச் சொன்னதை, மண்டபம் கண்கலங்கியதைச் சொன்னேன்.

அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. "கம்பி கட்டுனதையும் சொன்னாருதானே?" என்று கேட்டாள்.

"இல்ல."

குழந்தையைப் பாயில் கிடத்தினாள். மடங்காத விரல்களால் துணியை இழுத்து அதற்குப் போர்த்திவிட்டாள்.

"அப்பைக்கு மட்டும்னுதாங்க்கா சொன்னாரு. 'இப்ப நீ சொல்லு, கொஞ்ச நாள் போகட்டும், பொறகு நானே மேல போய் உண்மைய கதைக்கிறேன், ஒனக்கு வரவேண்டியது எல்லாம் வாங்கித் தாரேன்'னு ஆஸ்பத்திரியில வச்சி என் கையப் புடிச்சி சொன்னாரு. சொல்லியிருப்பாரு, அவங்கதான் குடுக்கலன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

இத்தனை வருடம் இவள் காத்திருந்திருக்கிறாள். நான் இவளை ஏமாளி என்று திட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

பாயை விட்டு எழும்பினாள். பிறகு குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

"அடுத்த மாசம் எம் பொறந்தநாள் வருது. போன் எடுப்பாரு. அன்னைக்கு நீங்க இங்க வந்து இருங்கக்கா."

"ஏன்?"

"இந்தத் தடவ நான் கேக்கப் போறேன். பக்கத்துல நீங்க இருந்தா, அண்ணா அண்ணான்னு அழாம கேட்டுருவேன்."